எழுபது வளைவும் எண்பதாவது ஓவரும்

ஒரு ஆளை எடை போட இரண்டே இரண்டு எண் போதும் என்று ஆகிவிட்டது. ஒன்று, மாதச் சம்பளம். இன்னொன்று, ஸ்ட்ரைக் ரேட்.

முதலாவதை மாமனார் கேட்பார். இரண்டாவதை மச்சினன் கேட்பான்.

ஸ்ட்ரைக் ரேட் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அடித்த ரன்னை ஆடிய பந்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஐம்பது பந்தில் இருபது ரன் என்றால் நாற்பது. ஏழாம் கிளாஸ் கணக்கு. இந்த ஏழாம் கிளாஸ் கணக்கை வைத்துக்கொண்டுதான் டீக்கடை முதல் டி.வி. வரை அத்தனை பேரும் அவனை உள்ளே போடு, இவனை வெளியே தள்ளு என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இருபது ஓவர் மேட்ச்சில் இது சரி. மொத்தமே நூற்றிருபது பந்து. அதில் முப்பது பந்தை முழுங்கிவிட்டு இருபது ரன்னோடு திரும்புகிறவனை யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள். ஆனால் டெஸ்ட் மேட்ச் வேறு சாதி. அங்கே ஐந்து நாள் இருக்கிறது. நேரம் சில சமயம் நமக்குச் சொந்தக்காரன், சில சமயம் கடன்காரன். எந்த நேரத்தில் எந்த வேஷம் போடுகிறான் என்று தெரியாமல் வேகத்தை மட்டும் அளப்பது, சாப்பாட்டை ருசி பார்க்காமல் இலையின் நீளத்தை அளப்பது மாதிரி.

* * *

இந்த ஞானம் எனக்குப் போதிமரத்தடியில் வரவில்லை. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போன ஒரு அரசு பஸ்ஸில் வந்தது.

எனக்குப் பின் சீட்டில் இரண்டு இளைஞர்கள். இருவரும் ஒரே ஆபீஸ் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒருவன் சிவப்பு டீ-ஷர்ட், வாய் ஓயாத ரகம். இன்னொருவன் கண்ணாடி போட்டவன், நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்கிற ரகம்.

"புஜாரா மாதிரி ஆளெல்லாம் எதுக்குடா மாப்ளே டீம்ல வெச்சிருந்தாங்க? பிரிஸ்பேன்ல 211 பந்துல 56 ரன். நானே அடிச்சிருப்பேன்."

"நீ அடிச்சிருக்க மாட்டே. மொத பந்துல ஆஸ்பத்திரி போயிருப்பே."

"சரி, ரன்னு எங்கடா?"

கண்ணாடிக்காரன் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

காரவள்ளி தாண்டியதும் மலை ஆரம்பம். கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தால் இருபதில் பேச்சு நிற்கும், நாற்பதில் வயிறு பேசும். சமவெளியில் பறந்து வந்த பஸ் இப்போது ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு கியர் மாற்றம், ஹாரன், முனகல்.

சிவப்பு டீ-ஷர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே! மாட்டு வண்டி மாதிரி போவுது."

ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று முன்னால் எழுதியிருந்தது. டிரைவர் அதை மதிக்கிறவர். வாய் திறக்கவில்லை. சோளக்காட்டில் இறங்கி டீ கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் திறந்தார்.

"ஏந்தம்பி, நாமக்கல்லுல இருந்து காரவள்ளி வரைக்கும் நான் மிதிக்கலீங்களா?"

"மிதிச்சீங்க."

"அது ஒரு கணக்குங்க. காரவள்ளிக்கு மேல வேற கணக்கு. ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் எறங்கோணும். எறக்கந்தானேன்னு பெரிய கியர்ல விட்டா, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு டிரம் காஞ்சு போயிரும். அப்புறம் மிதிச்சாலும் புடிக்காது. வேகமாப் போறதுக்கு என்னங்க, ஆக்ஸிலேட்டர் இருந்தாப் போதும். எங்க மிதிக்கோணும்னு தெரியறதுக்குத்தான் லைசென்ஸ் குடுக்கறாங்க."

டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டுப் போய்விட்டார். கிரிக்கெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் டெஸ்ட் பேட்டிங் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

* * *

டெஸ்ட் மேட்ச்சில் வளைவுகள் எங்கெங்கே இருக்கின்றன?

முதல் வளைவு, புதுப்பந்து. தையல் எழும்பி, பளபளப்பு மாறாமல் இருக்கும். காற்றில் திரும்பும், தரையில் பட்டு எகிறும். பின்னால் மூன்று ஸ்லிப், ஒரு கல்லி என்று பந்தி பரிமாறுகிற மாதிரி வரிசை கட்டி நிற்பார்கள். இந்த நேரத்தில் பந்தை விட்டுவிடுவதும் ஒரு ஷாட். ஸ்கோர்போர்டில்தான் அதற்கு இடம் கிடையாது.

ஆனால் இதே புதுப்பந்துதான் மட்டையில் பட்டால் வேகமாக ஓடும். ஸ்லிப்பில் ஆட்கள் நிற்பதால் கவர் பக்கம் காலியாக இருக்கும். துணிந்தவனுக்கு அது திறந்த கதவு. நம் ஸ்ரீகாந்த் அந்தக் கதவைத் தட்டாமல் உள்ளே போனவர். சேவாக் கதவையே கழற்றிக்கொண்டு போனவர்.

இரண்டாவது வளைவு, எண்பது ஓவர் முடிந்ததும் வருகிற அடுத்த புதுப்பந்து. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஓவரில் பந்து பழந்துணி மாதிரி ஆகியிருக்கும், பவுலர் களைத்திருப்பார். புத்திசாலி பேட்ஸ்மேன் அங்கே சேர்த்துக்கொள்வான்.

மூன்றாவது, மாலை கடைசி அரை மணி. விக்கெட் விழுந்தால் நல்ல பேட்ஸ்மேனை அனுப்பாமல் நைட் வாட்ச்மேன் என்று ஒரு பவுலரை அனுப்புவார்கள். அவரிடம் யாரும் ரன் கேட்பதில்லை. "காலையில் உயிரோடு இரு, போதும்" என்பதுதான் உத்தரவு.

நாலாவது, எதிர்முனையில் பத்தாம் நம்பர் ஆசாமி நிற்கும்போது. இங்கே நிதானம் பாவம். கூட நிற்பவர் எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஓவரின் முதல் நாலு பந்தில் அடி, கடைசி இரண்டில் ஒரு ரன் ஓடி மறுபடி நீயே ஸ்டிரைக்குக்கு வா.

ஐந்தாவது, டிக்ளேர் செய்யப் போகும் நேரம். அவுட் ஆனால் கவலையில்லை. அந்த ஒரு மணி நேரம் எல்லோருமே சேவாக்.

ஆறாவது, கடைசி நாள். இதுதான் எழுபதாவது வளைவு. ஜெயிக்க ஆடுவதா, தோற்காமல் இருக்க ஆடுவதா? இன்னொரு விஷயம்: ஒருநாள் போட்டியில் எல்லைக்கோட்டில் இத்தனை பேர்தான் நிற்கலாம், ஒரு பவுலருக்கு இத்தனை ஓவர்தான் என்று சட்டம் உண்டு. டெஸ்ட்டில் கேப்டன் நினைத்தால் முக்கால்வாசிப் பேரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பலாம். நல்ல பவுலரை நாள் முழுக்கப் போடச் சொல்லலாம். ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டாலும் அம்பயர் சுலபத்தில் வைடு கொடுக்க மாட்டார். ஆகவே "ஓவருக்கு நாலு ரன் தானே" என்று சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

* * *

இதற்கெல்லாம் பாடம் படிக்க லார்ட்ஸுக்குப் போக வேண்டாம். சேப்பாக்கமே போதும்.

1982 ஜனவரி. இங்கிலாந்துடன் டெஸ்ட். நம் விஸ்வநாத் 222 அடித்தார், யஷ்பால் சர்மா 140. இந்தியா 481. பதிலுக்கு இங்கிலாந்தின் ஓப்பனர்கள் இருவர் வந்தார்கள். கூச் 127 அடித்தார். கூட வந்த டவரே அடித்தது 35. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஐந்தரை மணி நேரம். சென்னையிலிருந்து ரயில் ஏறியவர் சேலத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்க் குளித்திருக்கலாம். கேலரியில் எத்தனை பேர் தூங்கினார்களோ! ஆனால் மேட்ச் டிரா. ஒரு முனையில் ஒருவர் கல்லாகக் கிடந்ததால்தான் மறுமுனையில் கூச் விளாச முடிந்தது என்று சொல்கிற கட்சியும் உண்டு. நான் அந்தக் கட்சியில் கால்வாசி மெம்பர்.

1986 செப்டம்பர். ஆஸ்திரேலியா 574. சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210. இந்தியாவுக்கு ஃபாலோ-ஆன் ஆகாமல் தப்ப 375 வேண்டும். ஏழு விக்கெட் போய்விட்டது. கபில்தேவ் என்ன செய்தார்? நிதானமாக ஆடினால் கூட இருப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். ஆகவே அடித்தார். 119. இந்தியா 397. இது நாலாவது வளைவு, சரியான கியர்.

கடைசி நாள் காலை ஆஸ்திரேலியக் கேப்டன் பார்டர் டிக்ளேர் செய்தார். 87 ஓவரில் 348 வேண்டும். ஓவருக்கு நாலு. அந்தக் காலத்தில் ஒருநாள் மேட்ச்சுக்கே அது கௌரவமான வேகம். ஸ்ரீகாந்த் வழக்கம்போல் 39 விளாசிக் கிளப்பிவிட்டார். நிதானத்துக்குப் பேர்போன கவாஸ்கர் அன்றைக்குக் கணக்குப் பார்த்துக் கியர் மாற்றி 90. முதல் இன்னிங்ஸின் ஹீரோ கபில், இந்த முறை ஒரே ரன். அதே ஆள், அதே மைதானம், அதே வாரம்!

கடைசி ஓவர். நாலு ரன், ஒரு விக்கெட். பவுலர் மேத்யூஸ். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார். மூன்றாவது பந்தில் ஒரு ரன். ஸ்கோர் சமம். இனி தோல்வி இல்லை. ஆனால் ஸ்டிரைக்கில் மணிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து எல்.பி.டபிள்யூ. டை! டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை.

சாஸ்திரி அந்த ஒரு ரன்னை ஓடியிருக்க வேண்டுமா, தானே நின்று பெரிதாகத் தூக்கியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை வைத்துத் தமிழ்நாட்டில் எத்தனையோ நட்பு உடைந்திருக்கிறது. என் கட்சி சாஸ்திரி கட்சி. தோல்வியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் வெற்றியை உள்ளே கூப்பிட வேண்டும். அவர் 48 நாட் அவுட். அவருடைய ஸ்ட்ரைக் ரேட் அன்று என்ன என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த ஒரு ரன் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

1999 ஜனவரி. பாகிஸ்தான். வேண்டியது 271. ஐந்து விக்கெட் 82 ரன்னில் போனது. டெண்டுல்கரும் மோங்கியாவும் இழுத்துப் பிடித்தார்கள். முதலில் உயிர் காத்தல், பிறகு மெதுவாகச் சேர்த்தல். 218 வரை போனார்கள். அதற்குள் டெண்டுல்கருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுளித்தார். உடம்பு தாங்காது, சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று வேகத்தைக் கூட்டினார். 136-ல் தூக்கி அடித்து அவுட். மிச்சம் 17 ரன், மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி.

அன்றைக்கு அவர் கியரை மாற்றியது தப்பா? முதுகு அவருடையது. நாம் யார் சொல்ல? ஒன்றைச் சொல்லலாம்: எத்தனை ரன் மிச்சம் என்பது மட்டும் நிலவரம் இல்லை, உடம்பில் எத்தனை மிச்சம் என்பதும் நிலவரம்தான். தோற்ற பிறகு சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியதே, அது எந்த ஸ்கோர்ஷீட்டிலும் ஏறாத ரன்.

2008 டிசம்பர். மும்பை பயங்கரவாதத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போன இங்கிலாந்து டீம் திரும்பி வந்து ஆடியது. இலக்கு 387. அதற்கு முன் இந்திய மண்ணில் யாரும் அவ்வளவு பெரிய இலக்கை எட்டியதில்லை. நாலாம் நாள் சாயந்திரம் சேவாக் வந்தார். 68 பந்தில் 83.

இந்த 83-க்கு இரண்டு விலை. ஒன்று, அந்த ரன். இரண்டு, அது வாங்கிக்கொடுத்த நேரம். மறுநாள் டெண்டுல்கருக்கு அவசரமே இல்லை. பயந்துபோன கேப்டன் ஃபீல்டர்களை எல்லைக்கு அனுப்ப, நடுவில் ஒன்று ஒன்றாகப் பொறுக்கலாம். 196 பந்தில் 103 நாட் அவுட். எதிர்முனையில் யுவராஜ் 85. ஆறு விக்கெட்டில் வெற்றி. முதல்நாள் ஒருவன் வேகமாக ஓட்டியதால் மறுநாள் இன்னொருவன் மெதுவாக ஓட்ட முடிந்தது. 122 ஸ்ட்ரைக் ரேட்டும் 52 ஸ்ட்ரைக் ரேட்டும் பங்காளிகள். பகையாளிகள் இல்லை.

* * *

ஒரே ஆள் இரண்டு ஆளாக இருக்க முடியுமா? 2015-ஐப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டிவில்லியர்ஸ் ஜனவரியில் ஒருநாள் போட்டி ஒன்றில் 31 பந்தில் சதம். அதே டிவில்லியர்ஸ் டிசம்பரில் டெல்லி டெஸ்ட்டில் 297 பந்தில் 43. கூட ஆம்லா 244 பந்தில் 25. மொத்த டீமே 143 ஓவரில் 143 ரன். ஜெயிக்க வழியே இல்லை, நேரத்தைக் கொன்றால் டிரா. கடைசியில் தோற்றார்கள். ஆனாலும், 31 பந்தில் நூறு அடிக்கத் தெரிந்தவன் 297 பந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அந்த வருஷத்தின் பெரிய சாதனை என்பேன். அடிக்கத் தெரியாதவன் சும்மா இருப்பது இயலாமை. தெரிந்தவன் சும்மா இருப்பது தவம்.

2019-ல் ஹெடிங்லி. ஸ்டோக்ஸ் 174 பந்தில் 61 அடித்திருந்தபோது ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. இன்னும் 73 ரன் வேண்டும். வந்தவர் கண்ணாடி போட்ட லீச். அதற்கப்புறம் ஸ்டோக்ஸ் சந்தித்தது 45 பந்து, அடித்தது 74 ரன். லீச் 17 பந்து நின்று ஒரே ஒரு ரன். இங்கிலாந்து ஜெயித்தது. லீச்சின் ஸ்ட்ரைக் ரேட்டைக் கணக்குப் போட்டால் ஆறுக்குக் கீழே வரும். அந்த ஆறு இல்லாவிட்டால் அந்த எழுபத்து நாலு இல்லை.

எதிர் உதாரணமும் உண்டு. 2024-ல் கான்பூர். பங்களாதேஷுடன் டெஸ்ட். மழையாலும் ஈர மைதானத்தாலும் இரண்டு நாள் முழுசாகப் போனது. எல்லோரும் டிரா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். இந்தியா வந்து மூன்று ஓவரில் ஐம்பது அடித்தது. 34.4 ஓவரில் 285, டிக்ளேர். கடைசி நாள் ஏழு விக்கெட்டில் ஜெயித்தது. அங்கே யாராவது நங்கூரம் போட்டு ஆடியிருந்தால் அது பொறுமை இல்லை, அசட்டுத்தனம்.

ஆக, வேகம் நல்லதா, நிதானம் நல்லதா என்பது கேள்வியே இல்லை. எத்தனாவது வளைவு என்பதுதான் கேள்வி.

* * *

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையின் ராஜா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. ஒரு பந்தில் ஐந்து! ஸ்ட்ரைக் ரேட் ஐந்நூறு!

இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் திரும்பிச் சிரித்தான். "அஞ்சும் நேர்கோட்டுல வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்துட்டு நின்னாரோ சார். அதை யாரும் பாடல."

வாயடைத்துப் போனேன். பேச்சு வளர்ந்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர்கள் இருவரும் வண்டிக் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வசூல் பிரிவு. மாதாமாதம் எத்தனை ஃபைல் முடித்தாய் என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டுவார்களாம். சிவப்பு டீ-ஷர்ட்டுக்கு நாற்பது. இவனுக்குப் பதினொன்று. மூன்று மாதமாகப் பட்டியலில் கடைசி. திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு வர்றதெல்லாம் ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஓடிப்போன கேஸ் சார். வண்டியை வித்திருப்பான், இல்லே ஆளே இருக்க மாட்டான். ஒருத்தர் செத்துட்டார், அவர் சம்சாரத்துக்கிட்ட பேசணும். நாலு தடவை போய் உக்காந்து பேசினாத்தான் மாசம் ரெண்டாயிரம் கட்டறேங்கறாங்க. ஒரு ஃபைலுக்கு ஒரு வாரம். இவனுக்கு வர்றது போன மாசம் டியூ தவறின கேஸ். போன் பண்ணினாப் போதும்."

"இதை மேனேஜர்கிட்ட சொல்றதுதானே?"

"பட்டியல்ல அதுக்குக் கட்டம் இல்ல சார்."

அவனுக்கு ஒரு தங்கை. கல்யாணத்துக்கு நிற்கிறாள். வீட்டில் வருகிற ஒரே சம்பளம் இது. இதையும் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தையாகத்தான் சொன்னான்.

சிவப்பு டீ-ஷர்ட் முதல்முறையாகப் பேசாமல் நின்றுகொண்டிருந்தான்.

நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. ஸ்கோர் சொல்கிற ஆள். ஆகவே 2021 ஜனவரியைச் சொன்னேன்.

சிட்னி. கடைசி நாள். 407 வேண்டும். ரிஷப் பந்த் 118 பந்தில் 97. ஜெயித்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றியது. அவரும் புஜாராவும் போனார்கள். ஐந்து விக்கெட். விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகு வலி, குனிய முடியவில்லை. பெவிலியனில் ஜடேஜா கட்டைவிரல் உடைந்து பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தார். இந்த இரண்டு நொண்டிகளும் சேர்ந்து 250 பந்துக்கு மேல் நின்றார்கள். அஸ்வின் விஹாரியிடம் தமிழில் பேசியது ஸ்டம்ப் மைக் வழியாக உலகம் பூராக் கேட்டது. விஹாரி 161 பந்தில் 23. அஸ்வின் 128 பந்தில் 39. மேட்ச் டிரா. தொடர் ஒன்றுக்கு ஒன்று சமம்.

அடுத்தது பிரிஸ்பேன். இங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது சேலம் மாவட்டத்து சின்னப்பம்பட்டி. அந்த ஊர் நடராஜனுக்கு அங்கேதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். சென்னை வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். கடைசி நாள் இலக்கு 328. புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றார். அந்த 211 பந்தும் கம்மின்ஸுக்கும் ஹேசல்வுட்டுக்கும் கால் வலிக்க வைத்த பந்து. களைத்த அந்தக் கால்களைத்தான் பந்த் பிறகு அடித்தார். 138 பந்தில் 89 நாட் அவுட். கடைசி நேரத்தில் வாஷிங்டன் 29 பந்தில் 22. மூன்று விக்கெட்டில் வெற்றி. தொடர் நமக்கு.

"சிட்னில விஹாரி நிக்கலேன்னா பிரிஸ்பேன்ல ஜெயிச்சாலும் தொடர் சமம்தான் தம்பி. அவர் ஸ்ட்ரைக் ரேட் பதினாலு. அந்தப் பதினாலுதான் தொடரை நமக்கு ஜெயிச்சுக் குடுத்துச்சு. நீங்க திங்கக்கிழமை வெறுங்கையோட போகாதீங்க. பட்டியல்ல கட்டம் இல்லேன்னா நீங்களே ஒரு பேப்பர்ல கட்டம் போடுங்க. கடன் எத்தனை மாசம் பழசு, வராதுன்னு எழுதின பணம் எவ்வளவு, அதுல நீங்க வரவழைச்சது எவ்வளவு. மூணே கட்டம் போதும்."

அவன் தலையாட்டினான். செல்போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டான்.

சிவப்பு டீ-ஷர்ட் தொண்டையைச் செருமினான். "மாப்ளே... திங்கக்கிழமை நானும் உள்ளே வர்றேன். உன் கேஸ்ல நாலு எனக்கு மாத்தச் சொல்றேன். என்னோடதுல பத்து நீ எடுத்துக்க."

"உன் நம்பர் விழுந்துரும்டா."

"விழட்டுமே. நீ எவ்வளவு நேரந்தான் ஒரே முனையில நிப்பே?"

இதற்குக் கிரிக்கெட்டில் ஸ்டிரைக்கை மாற்றுவது என்று பெயர். ஸ்ட்ரைக் ரேட்டை விட இது முக்கியம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

* * *

இனி யாராவது உங்களிடம் வந்து, "அந்த ஆள் ஸ்ட்ரைக் ரேட் முப்பதுதான் சார், சரியான கட்டை" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பந்து புதுசா, பழசா?

இரண்டு: இன்னும் எவ்வளவு நேரம், எத்தனை விக்கெட்?

மூன்று: எதிர்முனையில் யார்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வேகத்தை மட்டும் சொல்கிறவர், மேட்ச் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் ஸ்கோர் பார்த்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர்கள் கிரிக்கெட் ரசிகர்களாக இருந்தால் பரவாயில்லை, சகித்துக்கொள்ளலாம். மேனேஜர்களாக இருக்கும்போதுதான் சிக்கல்!